நூறு கோடிக்கு ஒரு தீவு

2020-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக ஆசைப்பட்ட மைக்கேல் புளூம்பெர்க், நன்கொடை கேட்டு யார் வாசலிலும் நிற்கவில்லை. சொந்தக் காசு 100 கோடி டாலருக்கு மேல் இறைத்தார். சூப்பர் பவுல் ஆட்டத்தின் நடுவே ஒரு நிமிட விளம்பரத்துக்கு மட்டும் சுமார் 1 கோடி டாலர். லாஸ் வேகாஸ் விவாத மேடையில் சக போட்டியாளர் எலிசபெத் வாரன் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டபோதுதான் சிக்கல்: நேரலையை வெட்டி ஒட்ட முடியாதே!

மார்ச் 3 அன்று கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 14 மாநிலங்களும் ஒரு தீவுப் பிரதேசமும் வாக்களித்தன. அவர் முதலிடம் பிடித்தது அந்தத் தீவுப் பிரதேசமான, பசிபிக் கடலிலுள்ள அமெரிக்க சமோவாவில் மட்டும்; கிடைத்த ஓட்டு 175. அந்தத் தீவுக்காரர்களுக்கு அதிபர் தேர்தலில் ஓட்டே கிடையாது என்பது வேறு விஷயம். மறுநாளே கடையைக் கட்டினார்.

‘பணத்தால் தேர்தலை வாங்க முடியாது’ என்று நல்லவர்கள் மகிழ்ந்தார்கள். நான்கு வருடத்துக்கொரு முறை இப்படி ஒரு தியாகி வரட்டும் என்று டிவிக்காரர்கள் வேண்டிக்கொண்டிருப்பார்கள்.