யானையா, பன்றியா?

கேள்வி: பாட்டியின் சுருக்குப்பையில் 1911-ஆம் வருட வெள்ளி ரூபாய் ஒன்று கிடைத்தது. லட்சக்கணக்கில் விலை போகுமாமே?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அவசரப்பட்டு அஸ்திவாரம் தோண்டிவிடாதீர்கள்! முதலில் லென்ஸை எடுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் அணிந்திருக்கும் சங்கிலியில் ஒரு குட்டி யானை இருக்கும். செதுக்கியவர் தும்பிக்கையில் சிக்கனம் காட்டியதால் அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்கள் கொதித்தார்கள். வெள்ளைக்காரன் பதறிப்போய் நாணயத்தை வாபஸ் வாங்கினான்; பெரும்பகுதியை உருக்கி, 1912-இல் ஒழுங்கான தும்பிக்கையோடு மறுபடி அடித்தான். சக்கரவர்த்தி முகத்துக்கு இல்லாத மவுசு அந்த அரைகுறை யானைக்கு!

எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவிகிதம் வெள்ளி. உருக்கினால் பத்தேமுக்கால் கிராம்கூடத் தேறாது. சேகரிப்பாளர் கொடுப்பது அந்த வெள்ளியின் விலையைவிட அதிகம். ஆனாலும் கைபட்டுத் தேய்ந்த காசு என்றால் ஆயிரங்களில்தான் பேச்சு. பாட்டி அதில் வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்டிருந்தால் இன்னும் இறங்கும். போலிகளும் உலவுகின்றன, எடை போட்டுப் பாருங்கள். முக்கியமாக, பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். குத்துவிளக்கு வேறு, இது வேறு.