கிணற்றடிக் குறுக்குக்கட்டும் தவமணிதேவியும்

கேள்வி: பழைய தமிழ்ப் படங்களில் கவர்ச்சி ஆட்டத்தைத் தொடங்கிவைத்தது ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணாமே? (வாசகர், சுன்னாகம்)

பதில்: உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரிதான். தவிலுக்குத் தட்சிணாமூர்த்தியைத் தந்த இணுவில், திரைக்குக் கே. தவமணிதேவியைத் தந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படமான 'சதி அகல்யா'வில் (1937) அகலிகை அவர்தான். அந்தப் படத்தின் விளம்பரத்துக்கு நீச்சலுடையில் நின்று படம் எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்! 1940இல் எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'சகுந்தலை'யில் மேனகையாக வந்தார். முனிவரின் தவத்தைக் கலைக்க ஒரு தவமணி!

கேள்வி: தமிழிச்சியைப் போய் 'சிங்களத்துக் குயில்' என்று விளம்பரம் செய்தது ஏன்? (வாசகி, கோண்டாவில்)

பதில்: அந்தக் காலத்து மதராஸ்காரருக்கு இலங்கை முழுவதுமே சிங்களம்தான். ஆனால் 'குயில்' சரி. தன் பாட்டைத் தானே பாடினார்.

கேள்வி: 'வனமோகினி'யில் அரைகுறை உடுப்போடு வந்தாராம். எங்கள் அப்பு இன்றைக்கும் திட்டுகிறார். (வாசகர், மானிப்பாய்)

பதில்: அப்புவைக் கோபிக்காதீர்கள், கிணற்றடிக்கு மட்டும் ஒருக்கால் கூட்டிப் போங்கள். 1941இல் வந்த படம் அது. பகவான் இயக்கம், எம்.கே. ராதா ஜோடி, சந்துரு என்ற யானையும் உண்டு. ஹாலிவுட்டில் டோரதி லாமூர் சாரம் சுற்றிக்கொண்டு புகழ்பெற்ற நேரம். அந்தக் கோலத்தைத்தான் தவமணிதேவி காட்டுப்பெண்ணுக்கு எடுத்துக்கொண்டார். மார்புக்கு மேலே இறுக்கி, ஓரத்தைச் செருகி, முழங்கால் தெரியக் கட்டிய ஒரு துணி. நம் அம்மம்மாமார் துலாக்கிணற்றில் குளிக்கையில் கட்டிய குறுக்குக்கட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கிணற்றடியில் கண்ணியம், திரையில் ஆபாசமா? எனக்கு அந்த நியாயம் விளங்கவில்லை. துணியைப் பற்றிக் கதைத்தவர்கள், பாட்டும் ஆட்டமும் நடிப்பும் ஒருவரிடமே இருந்ததைப் பற்றிக் கதைக்காமல் விட்டார்கள். பெரிய அநியாயம் அது.

கேள்வி: எம்.ஜி.ஆரோடு நடித்தாரா? (வாசகர், பருத்தித்துறை)

பதில்: எம்.ஜி.ஆர். முதன்முதல் கதாநாயகனான 'ராஜகுமாரி'யில் (1947), அவரை மயக்கப் பார்க்கும் ராணி இவர்தான். அதற்கு முந்திய வருடம் 'வித்யாபதி'யில் ஆடற்பெண்.

கேள்வி: கடைசிக் காலம் கஷ்டத்தில் போயிற்றா? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: நடிகை என்றால் முடிவு கண்ணீராகத்தான் இருக்கவேண்டுமா, பிள்ளை? சினிமாவை விட்டு, ராமேஸ்வரத்தில் கோடிலிங்க சாஸ்திரியை மணந்து, ஆன்மிகத்தில் தோய்ந்து வாழ்ந்தார். 2001இல் அங்கேயே காலமானார்.

உங்கள் வீட்டுப் பரணில் அவர் படத்துப் பாட்டுப் புத்தகமோ இசைத்தட்டோ கிடந்தால், கறையான் முந்துவதற்குள் எடுத்து நூலகம் நிறுவனத்திடம் கொடுத்துப் பதிவு செய்யுங்கள்.