எரிமலைத் தீவுக்குப் படகு தேர்தல்: வயிற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

புதுவாயல் கூட்ரோட்டில் நிற்பவனுக்கு எந்தப் பக்கம் போவது என்ற குழப்பம் வருவதில்லை. வடக்கே கும்மிடிப்பூண்டி, தெற்கே சென்னை, மேற்கே திரும்பினால் பெரியபாளையம். ஆடி ஞாயிறென்றால் திரும்புகிற சிரமம்கூடக் கிடையாது, பவானியம்மனுக்குப் போகிற கூட்டமே ஆளைத் திருப்பிவிடும். இந்த மூன்று வழிகளுக்குள் வாழ்ந்து பழகிய ஒரு குடும்பம், தலை எண்ணிக்கை பதினொன்று, அந்தமானில் எரிமலை பார்க்க எந்தப் படகில் ஏறுவது என்ற வினாவில் மூன்று வாரம் சிக்கிக் கிடந்தது. அவ்வினாவைத் தீர்க்க எழுந்ததே இந்த ஆய்வு. இதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் நல்கை தரவில்லை. ஆய்வாளரின் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதி தந்தது.

ஆய்வென்றால் ஊர்ப்பெயரில் தொடங்குவது மரபு. வாயல் என்பது வாயில் என்பதன் திரிபு என்பர் ஒருசாரார். வயல் என்பதன் நீட்டம் என்பர் மற்றொரு சாரார். இவ்வாய்வாளர் இரண்டையும் மறுக்கிறார். வாய் + அல் = வாயல்; அதாவது, நெருப்புக் கக்கும் வாய் அல்லாத ஊர். ஆகவே எரிமலை பார்க்க வேண்டுமென்றால் வெளியூர்தான் போக வேண்டும் என்பது பெயரிலேயே அமைந்துகிடக்கிறது. பக்கத்து ஊரான பெருவாயலுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் சித்தப்பா கேட்டார். பெரிய அளவில் வாய் அல்லாத ஊர் என்றேன். அவர் அதற்குப் பிறகு இந்த ஆய்வுக்கு ஒத்துழைக்கவில்லை.

இனி, ஆய்வுப் பொருள். இந்தியாவில் உயிரோடிருக்கும் எரிமலை ஒன்றே ஒன்றுதான்: பாரன் தீவு. போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 138 கிலோமீட்டர். (2024இலிருந்து அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். டிக்கெட் கேட்கிறவர்கள் வாய்க்கு இன்னும் அது வரவில்லை.) தீவின் குறுக்களவு மூன்று கிலோமீட்டர், உயரம் 350 மீட்டர் சொச்சம். நாம் பார்ப்பது தலையை மட்டுமே; உடம்பு கடலுக்கடியில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து எழும்பி நிற்கிறது. அது பொங்கியதை முதன்முதலில் குறித்துவைத்தது 1787இல். பிறகு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அடங்கிப்போய், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பேசாமல் இருந்துவிட்டு, 1991இல் திடீரென்று வாயைத் திறந்தது. அதிலிருந்து விட்டுவிட்டுப் புகைகிறது. ஆள் நடமாட்டம் இல்லை. முன்னொரு காலத்தில் கப்பல்காரர்கள் விட்டுப்போன வெள்ளாடுகள் பெருகிக் காட்டாடுகளாகித் திரிகின்றன. சுற்றுலா போகிறவர்களைக் கரையில் இறக்குவதில்லை. கடலில் நின்று பார்க்க வேண்டியதுதான். எனவே எரிமலையைப் பற்றிய ஆய்வெல்லாம் கடைசியில் படகைப் பற்றிய ஆய்வாகவே முடிகிறது.

இத்தீவு எந்தத் திணை? சுற்றிலும் கடல், ஆகவே நெய்தல். நடுவில் மலை, ஆகவே குறிஞ்சி. மேலே கரிந்த நிலம், ஆகவே பாலை. மூன்று கிலோமீட்டருக்குள் மூன்று திணை மயங்கிக் கிடப்பதை இலக்கணம் படித்தவர்கள் எப்படித் தாங்குவார்களோ தெரியாது. கருப்பொருள் கூறுமிடத்து: விலங்கு, ஆடு; உணவு, முதல்நாள் கட்டிய புளிச்சோறு; பறை, டீசல் எஞ்சின்; தொழில், வாந்தி. உரிப்பொருளில்தான் சற்றுச் சிக்கல். குறிஞ்சிக்கு உரியது புணர்தல்; பதினொரு பேர் கூட்டமாகப் போகும் பயணத்தில் அதற்கு வாய்ப்பில்லை. பாலைக்குரிய பிரிதல் உண்டு, காசைப் பிரிதல். நெய்தலுக்குரிய இரங்கலும் உண்டு, பிரிந்த காசை நினைத்து.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழுந்தது. எழுப்பியவன் என் மச்சான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலையொன்றில் உலையடியில் வேலை. "மாமா, எரிமலைக் குழம்பு எவ்ளோ சூடு இருக்கும்?" என்றான். ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு டிகிரி இருக்கும் என்றேன். "எங்க இரும்பு உருகறதே ஆயிரத்து ஐநூறுக்கு மேல. அதவிட ஆறிப்போன ஒண்ண பாக்க இத்தனை ரூபாயா?" என்றான். சொன்ன கணக்கு சரி. இரும்பு உருகும் வெப்பநிலை 1538 டிகிரி. பாரன் தீவு கக்கும் பாறைக்குழம்பு அதற்குப் பல நூறு டிகிரி கீழே. ராத்திரி ஷிப்டில் உலை வாயைத் திறக்கும்போது தகரக் கூரைக்கு மேலே ஒரு நொடி வானம் சிவக்கும். அதைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. மறுப்புக்கு மறுப்பு என் மனைவியிடமிருந்து வந்தது: "உங்க கம்பெனிய சுத்தி கடல் இருக்குதாடா?" மச்சான் அடங்கினான். வாதம் வென்றது என்று எழுதிக்கொண்டேன்.

படகு வகைகளை இனி ஆராய்வோம். எல்லாவற்றையும் சமமாக ஆராயப்போவதில்லை. சில படகுகளுக்கு அந்தத் தகுதி கிடையாது.

சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேயருக்கு அரசுப் பயணிகள் கப்பல் உண்டு. தூரம் சுமார் 1190 கிலோமீட்டர், வங்காள விரிகுடாவை முழுசாகக் கடக்க மூன்று நாள். அடுக்குப் படுக்கைகள் போட்ட பெரிய கூடத்தில் தொடங்கி டீலக்ஸ் அறை வரை வகுப்புகள். மலிவு, விமானத்தில் கிடைக்காத அனுபவம், தப்பி ஓட வழியில்லை. மூன்றாவது காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டது.

போர்ட் பிளேயரிலிருந்து ஹேவ்லாக் தீவுக்குப் போவதற்கு இரண்டு வகை. தனியார் விடும் குளிர்சாதனக் கப்பல்கள் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் கொண்டுசேர்க்கும். ஆனால் பலவற்றில் கண்ணாடிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அரசுப் படகு அதைவிட மெதுவாகப் போகும். மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம், முறுக்கு தின்னலாம், உள்ளூர்க்காரர்கள் ஏற்றிவரும் கோழிக் கூடைகளோடு பேசலாம். அந்தமானில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருப்பதால், கோழியின் சொந்தக்காரரோடும் பேசலாம்.

நார்த் பேயில் கண்ணாடிப் படகு. அடித்தளத்தில் பதித்த கண்ணாடி வழியே பவளப் பாறையும் மீனும் தெரியும். இதன் சிறப்பு படகில் இல்லை, என் அத்தையின் சுருக்குப்பையில் இருந்தது. பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் தென்னைமரமும் கடலும் கலங்கரை விளக்கமும் இதே நார்த் பேதான், மவுண்ட் ஹாரியட் குன்றிலிருந்து பார்த்தது. 2019இல் வந்த புது நோட்டில் எல்லோரா வந்துவிட்டது. "இதுக்குத்தான் செலவு பண்ணாம வெச்சிருந்தேன்" என்றார் அத்தை. நம்பவில்லை. ஆனாலும் நோட்டைக் கடலுக்கு நேராகப் பிடித்து ஒத்துப்பார்த்தபோது எல்லாருக்கும் ஒரு மாதிரி இருந்தது.

பாராடாங் தீவில் சேற்று எரிமலை. இதற்குப் போகும் வழி எரிமலையைவிடப் பெரியது: ஜார்வா பழங்குடியினரின் காப்பகத்துக்குள் வண்டிகள் வரிசையாகப் போக வேண்டும், நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, பிறகு பேருந்தையும் சேர்த்து ஏற்றிக்கொள்ளும் படகில் நீரிணையைக் கடக்க வேண்டும். போய்ச் சேர்ந்தால், மண்ணுக்கடியிலிருந்து வரும் வாயு சேற்றைக் குமிழவைக்கிறது. நெருப்பு இல்லை. ஆடி மாதத்தில் அண்டாவில் கேழ்வரகுக் கூழ் கொதித்து அடங்கும்போது ‘பொளக்’ என்று ஒரு குமிழ் வெடிக்குமே, அவ்வளவுதான். அத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கரண்டி போட்டு கிண்டணும்" என்றார். துறை வல்லுநரின் கருத்தாகப் பதிவு செய்யப்படுகிறது.

படகைத் தேர்வதில் நம் வட்டாரத்துக்கு மரபே இல்லையா எனின், உண்டு. நம் ஆரணியாறு போய்ச் சேரும் பழவேற்காட்டு ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது. 1613இல் டச்சுக்காரர்கள் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டி இங்கே உட்கார்ந்ததும், ஊர்ப்பெயரில் கைலி உலகமெல்லாம் போனதும் பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாதது, அங்குள்ள மீனவர்களின் ‘பாடு’ முறை. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது, சுற்றி வரும். பாடு என்றால் பங்கு, முறை. துன்பம் என்றும் பொருள் உண்டு. படகைத் தேர்வதற்கு இதைவிடப் பொருத்தமான கலைச்சொல் தமிழில் இல்லை.

அந்த ஏரியில்தான் 2011 டிசம்பர் 25 அன்று உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. இந்தப் பத்தியில் ஆய்வாளர் விளையாடவில்லை. வேகம், கட்டணம், ஜன்னலோர இருக்கை எல்லாம் பிறகு. தலைக்கு ஒரு மிதவை உடுப்பு இருக்கிறதா, குழந்தை அளவில் இருக்கிறதா, ஏற்றக்கூடிய எண்ணிக்கைக்கு மேல் ஏற்றுகிறார்களா என்று பார்த்து, இல்லையென்றால் கொடுத்த முன்பணத்தை விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு மட்டும் சீட்டுக் குலுக்கவில்லை.

இனிக் கருதுகோள். எரிமலைக்குப் போகும் படகை எரிமலையைக் கொண்டோ, படகைக் கொண்டோ தேர்வது பிழை. உடன் வருவோருள் யார் வயிறு மிகப் பலவீனமானதோ, அவர் வயிற்றைக் கொண்டே தேர்க. என்னை? படகு ஆடுகிறது என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. எதிரே இருக்கும் இருக்கை அசையவில்லை என்று கண் சொல்கிறது. இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் மூளை குழம்பி, தீர்ப்பை வயிற்றுக்கு அனுப்பிவிடுகிறது. ஆகவே மூடிய அறையும் தாழ்ந்த தலையும் ஆகா. படகின் நடுப்பகுதி குறைவாக ஆடும். வெளியே அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது உத்தமம், கைப்பேசியைப் பார்ப்பது அதமம்.

கருதுகோளை நிறுவப் பலவீன வயிறு ஒன்று வேண்டுமே? குடும்பக் கூட்டம் நடந்தது. திருப்பதி மலையில் ஒரு வளைவு விடாமல் கடமையைச் செய்தவர் என்ற முன்வரலாறு காரணமாக அத்தை ஒருமனதாகத் தேர்வானார். அவருக்காகவே எல்லாம் ஏற்பாடானது: புறப்பட ஒரு மணி நேரம் முன்னதாக அவோமின் மாத்திரை, எலுமிச்சம்பழம் ஆறு, இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம், கால் கிலோ கேரிபேக். எரிமலையைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் கப்பல் ஒன்று அந்த வாரம் புறப்படுவதாகத் தெரியவந்து, படகுகளில் அது பெரியது, பெரியதில் ஆட்டம் குறைவு, ஆகவே அத்தைக்கு உகந்தது என்று முடிவாயிற்று. ராத்திரி கிளம்பி விடியலில் தீவை அடைவது. பேரேட்டில் அத்தையின் பெயருக்கு நேரே ‘நடுப்பகுதி’ என்று எழுதி வாங்கினேன்.

முடிவுகள் வருமாறு. நள்ளிரவுக்குப் பின் கடல் கொஞ்சம் புரண்டது. ஆய்வாளர் அப்போது கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, தலையைத் தாழ்த்தி, இந்தக் கட்டுரையின் குறிப்புகளைக் கைப்பேசியில் தட்டிக்கொண்டிருந்தார். கால் கிலோ கேரிபேக்கில் பாதி அவருக்கே போயிற்று. எலுமிச்சம்பழம் ஆறும் அவருக்கே. இஞ்சி மரப்பாவைத் தன்னுடையது என்று சொல்லி அத்தை கொடுக்க மறுத்தார். பிறகு இரக்கப்பட்டு ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தார். உலையடியில் நிற்கும் மச்சான் எனக்குப் பக்கத்திலேயே சுருண்டு கிடந்தவன், விடிகிற நேரத்தில் எப்படியோ தேறி எழுந்து மேலே போய்விட்டான்.

வெளிச்சம் வந்ததும் அத்தை படியிறங்கி வந்தார். "மாப்ள, எழுந்திருங்க, நல்லா புகையுது." கண்ணைத் திறந்தேன். எதிரே இருந்த தூண் என்னை நோக்கி வந்தது. மூடிக்கொண்டேன். கப்பல் தீவைச் சுற்றிய முழு நேரமும் இவ்வாய்வாளர் பார்த்தது ஒரு நீல நிற பிளாஸ்டிக் வாளியின் உட்புறத்தை மட்டுமே. எனவே எரிமலை குறித்த பகுதிக்கு முதன்மைச் சான்று அத்தையின் வாய்மொழியே: "கருப்பா மேடு, உச்சியில புகை. நம்ம சிப்காட் மாதிரியேதான். ஷிப்டு சங்குதான் ஊதல."

கூடுதலாக ஒன்று சொன்னார். கரைக்கு மேலே சரிவில் இரண்டு ஆடு நின்றதாம், ஒன்று குட்டியாம். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை, அது பாறை என்றான். பயணம் முடிந்து சென்னை வந்து, புதுவாயல் கூட்ரோட்டில் இறங்கும் வரை அந்த வாதம் ஓயவில்லை. மச்சானின் கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கினால் புகைக்குக் கீழே பழுப்பாக ஒரு புள்ளி தெரிகிறது, அதற்கு மேல் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போனபோது துறைசார் கருத்துக்காக அதைக் கடைக்காரரிடம் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"வெள்ளாடுதான் சார்," என்றார். "எட்டு கிலோ தேறும்."