கண்ணீருக்கு ஒரு தக்கை

கேள்வி: நாள் முழுக்க கம்ப்யூட்டர் வேலை. மாலையில் கடற்கரைச் சாலைக் காற்று பட்டாலே கண் உலர்ந்து உறுத்துகிறது. சொட்டு மருந்துக்கும் அடங்கவில்லை. ‘அடைத்துவிடலாம்’ என்கிறார் டாக்டர். பயமாக இருக்கிறதே!
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அடைக்கப்போவது கண்ணை அல்ல, கண்ணீர் தப்பி ஓடும் வழியை! கண்ணாடி முன் நின்று, கீழ் இமையை மூக்கோரமாக லேசாக இழுத்துப் பாருங்கள். ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரியும். மேல் இமையிலும் ஒன்று உண்டு. இரு கண்ணுக்கும் சேர்த்து 4. கண்ணீர் அவற்றின் வழியாகத்தான் மூக்குக்குள் வடிகிறது. அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவது அதனால்தான். அந்தத் துளையில் அரிசியைவிடச் சிறிய சிலிகான் தக்கையைச் செருகினால், சுரக்கிற கண்ணீர் கண்ணிலேயே தங்கும். அமெரிக்க மருத்துவர் ஃப்ரீமன் 1975-ல் எழுதிவைத்த முறை இது. தையல் இல்லை, சில நிமிட வேலை. பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிடலாம். தானாகக் கரையும் கொலாஜன் தக்கையை முதலில் வைத்துப் பார்ப்பதும் உண்டு.

ஆனால், இமையில் அழற்சி இருந்தால் முதலில் அதைத்தான் ஆற்ற வேண்டும். கெட்ட கண்ணீரைத் தேக்கி என்ன பயன்? சிலருக்குக் கண்ணீர் வழியும், தக்கை விழுந்துவிடும், அபூர்வமாகச் சீழும் பிடிக்கும். வலித்தாலோ சிவந்தாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள். சந்தேகம் தீரவில்லையா? தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, ஜிப்மரில் கண் பிரிவு இருக்கிறது. இன்னொரு டாக்டரையும் கேளுங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைகிறது. தக்கை கண்ணீரைக் காக்கும். இமைக்க வேண்டியது நீங்கள்தான்!