எழுத்தை விட்டு அடித்த சுண்ணாம்பு

1999இல் ஷிரின்ஜேக்குப் போனபோது, செல்சுக்கிலிருந்து எட்டு கிலோமீட்டர் மலைப்பாதையில் எங்களோடு ஒரு கோழிக்கூடையும் வேனில் வந்தது. இந்த வருஷம் வண்டி நிறுத்தவே இடமில்லை.

மேற்குத் துருக்கியில், எபேசஸ் இடிபாடுகளுக்குப் பக்கத்து மலையில் இருக்கிறது இந்த ஊர். பழைய பெயர் சிர்கின்ஜே. துருக்கிய மொழியில் 'அழகற்றது' என்று பொருள். வெளியாட்கள் வந்துவிடக் கூடாதென்று ஊர்க்காரர்களே வைத்த பெயர் என்பார்கள். 1926இல் அதை மாற்றி, 'அழகானது' என்ற பொருளில் ஷிரின்ஜே ஆக்கினார்கள். அதற்குள் பழைய ஊர்க்காரர்கள் யாரும் அங்கே இல்லை. கிரேக்கம் பேசிய அந்தக் கிறிஸ்தவர்கள் 1922இல் கிரேக்க-துருக்கிப் போர் முடிந்த சமயம் ஓடிப்போனவர்கள். 1923இல் லோசானில் போட்ட ஒப்பந்தம் மதத்தை மட்டும் பார்த்து 15 லட்சம் பேருக்கு மேல் ஊரை மாற்றியது. ஓடியவர்கள் திரும்பவும் வழியில்லாமல் செய்தது. கிரேக்கத்தின் கவாலா பக்கத்து முஸ்லிம்கள் இந்த வீடுகளில் குடியேறினார்கள். கிரேக்க எழுத்தாளர் டிடோ சோட்டிரியூ 1962இல் எழுதிய நாவலின் நாயகன் இந்த ஊர்க்காரன்தான். அதைப் படித்துவிட்டுத்தான் நான் முதலில் போனேன்.

அன்று ராத்திரி வேன் ஓட்டுநர் தன் பாட்டி வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். பாட்டிக்கு எண்பதை ஒட்டிய வயது. கவாலா பக்கம் பிறந்து, கைக்குழந்தைப் பருவம் தாண்டியதும் இங்கே வந்தவர். தரையில் உட்கார்ந்து நீளக் குச்சியால் மாவைத் துணிபோல் தேய்த்தார். கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துச் சுட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார். வாசல் நிலைக்கு மேல் ஒரு கல்லில் கிரேக்க எழுத்து. சுவர் முழுக்க வெள்ளை. அந்த எழுத்தில் மட்டும் ஒரு பொட்டு சுண்ணாம்பு இல்லை. ஏனென்று கேட்டேன். பேரன் மொழிபெயர்த்தார்: "என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. எழுதினவங்க வந்தா தேடுவாங்க இல்ல?"

இப்போது அந்த வீடு உணவு விடுதி. ஓட்டுநரின் பையன் நடத்துகிறான். சின்னக் கோப்பைகளில் மல்பெரி ஒயின், மாதுளை ஒயின். அதே கீரை மடிப்பு, பீங்கான் தட்டில். சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டிக் கல்லை வெளியே காட்டியிருக்கிறார்கள். எழுத்துக்கு மேல் விளக்கு. உணவு அட்டையில் 'கிரேக்க வீட்டு விருந்து'. பிள்ளைகளுக்குப் பிழைப்பு கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கிரேக்கர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு வரி இல்லை. ஊரை இழந்து இங்கே வந்த பாட்டியைப் பற்றியும் இல்லை. அது மனதை உறுத்தியது.

சாப்பிட்டு முடித்ததும் பழைய புகைப்படத்தைக் கொடுத்தேன். மாவு அப்பிய கையோடு வாசலில் பாட்டி. பையன் முதலில் முகத்தைப் பார்த்தான். பிறகு படத்தை விளக்கடியில் பிடித்துக்கொண்டு, அதில் கல்லைச் சுற்றி ஒவ்வொரு எழுத்தின் ஓரமாகவும் நின்றுபோயிருந்த சுண்ணாம்பை விரலால் தொடர்ந்துகொண்டே வந்தான்.

"இதெல்லாம் அவங்க விட்டுவிட்டு அடிச்சதா?" என்றான்.