ஜென்கின்ஸுக்கு மட்டும் ஏன் கதவடைப்பு?

கேள்வி: நான் கட்டளை கொடுத்தால் கிட் சர்வர் கோடைத் தருகிறது. ஜென்கின்ஸ் கேட்டால் மட்டும் ‘பெர்மிஷன் டினைட்’ என்கிறதே?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: 2022 டிசம்பரில் பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது, ராமேசுவரம் போகிறவர்கள் மண்டபத்தோடு இறங்கினார்கள். அது பாதைக் கோளாறு. 2025 ஏப்ரல் 6-இல் புதுப் பாலம் திறந்தபின் இறக்கிவிடப்பட்டால், அது டிக்கெட் கோளாறு! உங்களுடையது இரண்டாவது: பாதை இருக்கிறது, அனுமதிதான் இல்லை. லினக்ஸில் ஜென்கின்ஸ் வழக்கமாகத் தன் பெயரிலேயே தனிப் பயனராக ஓடும். உங்கள் எஸ்எஸ்எச் சாவி அதனிடம் இருக்காது. அந்தப் பயனராக மாறி அதே கட்டளையை ஓட்டுங்கள், குட்டு உடையும். தனிச் சாவி உருவாக்கி, ஜென்கின்ஸின் கிரெடென்ஷியல்ஸில் சேர்த்துவிடுங்கள். கிட் சர்வரில் அந்தச் சாவிக்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும். அவசரத்தில் எல்லா அனுமதியையும் திறந்துவிடாதீர்கள், தயவுசெய்து. மாறாக ‘டைம்டு அவுட்’ வந்தால், அது பாதைக் கோளாறு; ஃபயர்வாலையும் முகவரியையும் பாருங்கள். ‘ரெஃப்யூஸ்டு’ என்றால் பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் சேவையே ஓடவில்லை.