சுவிஸ் சார்

கடலூரிலும் சிதம்பரத்திலும் தெருவுக்கு ஒருவராவது இருக்கும் மலைநடைப் பிரியருக்கு ஊர் வைத்த பெயர் சுவிஸ் சார். கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில் குடியிருப்பவர். ஆல்ப்ஸ் மலையிடுக்கு ஒன்றில் நாற்பது நிமிடம் நடந்துவிட்டு வந்து, மீதி ஆயுளை அதைச் சொல்வதில் கழிப்பவர். வங்கி, பல்கலைக்கழகம், நிலக்கரிச் சுரங்கம், அரசு மேனிலைப் பள்ளி ஆகிய நான்கும் இவர் அதிகம் விளையும் நிலங்கள். ஓய்வூதியம், வெளிநாட்டில் ஒரு பிள்ளை, வலிக்காத முழங்கால் ஆகிய மூன்றும் கூடினால் இவர் உருவாகிவிடுவார். முழங்கால் கூடாவிட்டாலும் பாதகமில்லை.

இவர் ஏன் இங்கே உருவாகிறார் என்பதற்கு நிலவியலில்தான் விடை தேட வேண்டும். பெண்ணையாறும் கெடிலமும் வெள்ளாறும் கொள்ளிடமும் மேற்கே எங்கெங்கோ கரைத்ததைக் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் இந்தக் கரையோரம். கடலூர் மணற்கல் என்று ஒரு பாறையினத்துக்கே ஊர்ப்பெயர் உண்டு. ஆனால் உயர்ந்து நிற்க ஆசைப்படாத பாறை அது. மலை என்ற பெயரைத் தாங்கும் கேப்பர் மலை, பக்கத்தில் போய்ப் பார்த்தால் செம்மண் மேடு. திருவந்திபுரத்து ஔஷதகிரியில் ஹயக்ரீவர் சன்னிதிக்கு 74 படி; அடிவாரத்தில் தொடங்கிய குடும்பப் பேச்சு முடிவதற்குள் உச்சி வந்துவிடும். ஆழம் பார்க்க வேண்டுமென்றால் நெய்வேலிக்குத்தான் போக வேண்டும். அங்கே சக்கர வாளி இயந்திரம் தோண்டிய பள்ளம் பள்ளத்தாக்காகவும், தோண்டிக் குவித்த மண் மலையாகவும் நிற்கின்றன. கல்வராயன் மலையில் இருப்பவர் வீட்டுக்குப் போவதற்காக ஏறுகிறார். ஏறுவதற்காகவே ஏற வேண்டும் என்ற எண்ணம் சமவெளிக்காரருக்குத்தான் தோன்றும்.

பயிற்சிக் காலம் மூன்று மாதம். கடலூர்ப் பிரிவினர் சில்வர் பீச் மணலிலும் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றியும் நடப்பார்கள். சிதம்பரத்தார் நான்கு தேர் வீதிகளையும் வலம் வருவார்கள். முதுகுப் பையில் பளுவுக்கு 5 கிலோ அரிசி. வீட்டில் உலை வைக்க அந்தப் பையிலிருந்தே எடுப்பதால் பளு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். தம் உடம்பில் பலம் ஏறுவதாக அவர் எண்ணிக்கொள்வார்.

அடுத்தது தளவாடம். மார்கழியில் பால் வாங்கப் போகும்போது போடும் மங்கி குல்லா, சட்டைக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு ஸ்வெட்டர், மடக்கும் ஊன்றுகோல் ஒரு ஜோடி. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, பண்ருட்டி முந்திரி ஆகியவை அவர் மனைவியின் பெட்டியில் போகும். எல்லாவற்றுக்கும் சிகரம் சென்னையில் வாங்கிய நீர் புகாக் காலணி. அதற்கு விலை இரண்டு: கடையில் கொடுத்தது ஒன்று, வீட்டில் சொன்னது ஒன்று.

அவர் நடக்கும் இடங்களைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. சுவிட்சர்லாந்தில் மைரிங்கன் ஊரை ஒட்டி ஆரெ ஆறு சுண்ணாம்புக்கல் கரடு ஒன்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. பனியாறுகள் உருகிய காலத்தில் தொடங்கிய அறுப்பு. இடுக்கின் நீளம் ஏறத்தாழ 1,400 மீட்டர், ஆழம் 180 மீட்டர் வரை; மிகக் குறுகிய இடத்தில் இரண்டு சுவருக்கும் நடுவே ஒரே மீட்டர்தான். வானம் மேலே ஒரு நூலிழையாகத் தெரியும், ஆறு கீழே பச்சையும் சாம்பலுமாகச் சீறும். ஜெர்மனியில் கார்மிஷ் ஊருக்கு அருகே பார்ட்னாக் இடுக்கு 700 மீட்டர் நீளம். மலையில் வெட்டிய மரங்களை ஒரு காலத்தில் அந்த வெள்ளத்தில் விட்டுத்தான் கீழே இறக்கினார்கள். லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் டிரூம்மெல்பாக் இன்னும் விசித்திரம். ஐகர், மோன்ஷ், யுங்ஃபிராவ் என்ற மூன்று சிகரங்களின் பனியாற்று நீர், மலையின் வயிற்றுக்குள்ளேயே பத்து அருவிகளாக விழுகிறது. பாறை அதிரும் சத்தத்தில் கணவனும் மனைவியும் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காமல் ஒற்றுமையாக இருக்க உலகில் அதைவிட நல்ல இடம் குறைவு.

ஆனால் ஆரெ இடுக்கில் 1888ஆம் ஆண்டிலேயே நடைபாதை போட்டுவிட்டார்கள். பவேரியாவின் பிரைட்டாக் இடுக்கில் 1905இல் போட்டார்கள். ஐரோப்பியப் பாட்டிமார் நூறு ஆண்டுக்கு மேலாகக் குடை பிடித்துக்கொண்டு நடந்த பாதைகள் இவை. கைப்பிடிக் கம்பி உண்டு, நுழைவுச்சீட்டு உண்டு. டிரூம்மெல்பாக்கில் பாறைக்குள் மின்தூக்கியே உண்டு. சுவிஸ் சார் அதில் ஏறியதும் உண்டு. அந்தப் பகுதி சொற்பொழிவில் இடம்பெறாது.

இந்த இடுக்குகளுக்கு ஜெர்மன் மொழியில் கிளாம் என்றும் ஷ்லுக்ட் என்றும் பெயர். இரண்டாவதை அவர் சரியாக உச்சரிக்கும்போது எதிரில் இருப்பவர் பதறிப்போய்த் தண்ணீர் எடுத்துவந்து கொடுப்பது வழக்கம். தமிழில் விடர், கெவி என்று இரண்டு சொற்கள் சும்மா கிடக்கின்றன. கொடைக்கானல் சரிவில் வெள்ளகெவி என்று ஓர் ஊரே இருக்கிறது. அவற்றைச் சொன்னால் யாரும் தண்ணீர் தரமாட்டார்கள்.

பயணம் முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான் சுவிஸ் சாரின் முழு உருவம் வெளிப்படுகிறது. கைபேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்து ஐந்நூறுக்குக் குறையாத படங்களைக் காட்டுவார். இடுக்குக்குள் வெளிச்சம் போதாததால் எல்லாப் படத்திலும் கரிய பாறை ஒன்றும், அதைவிடக் கரிய மங்கி குல்லா ஒன்றும் தெரியும். விளக்கத்துக்கு அவர் கையாளும் அளவைகள் முழுக்க உள்ளூர்ச் சரக்கு. உயரத்துக்கு அலகு சிதம்பரம் கோபுரம். ஏழு நிலைக் கோபுரம் சுமார் 40 மீட்டர். "நாலு கோபுரத்த ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குங்க, அதுக்கு மேலயும் மிச்சம் இருக்கும்" என்பார். ஆரெ இடுக்கைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு சரியாகவே வருகிறது. நீளத்துக்கு அலகு தேர் வீதி. குளிருக்கு மார்கழி: "மூணு மார்கழி." குறுகலுக்குப் பிச்சாவரம்: சுரபுன்னைக் கிளைகள் தலையில் இடிக்கும் ஓடையில் படகு நுழைவதைச் சொல்லி, "அதே மாதிரிதான், ஆனா இலைக்குப் பதிலா பாறை" என்பார். 'இதயக்கனி' படம் எடுத்த இடமல்லவா என்று கேட்பவர் குறுக்கே புகுந்தால் பேச்சு எம்.ஜி.ஆர். பக்கம் போய்விடும், ஆல்ப்ஸுக்குத் திரும்ப அரைமணி நேரம் ஆகும்.

கதையும் ஆற்றைப் போலவே அரித்து ஆழமாகிறது. முதல் ஆண்டில் நாற்பது நிமிட நடை. இரண்டாம் ஆண்டில் இரண்டு மணி நேரம். மூன்றாம் ஆண்டில் கைப்பிடிக் கம்பி கதையிலிருந்து கழன்று விழுந்துவிடுகிறது. அதன் பிறகு ஒற்றையடிப் பாதையும் அடியில் அதலபாதாளமும் மட்டுமே மிச்சம். டீக்கடையில் இதைப் பலமுறை கேட்டவர்கள் "சார், போன வாட்டி கம்பி இருந்துதே" என்று நினைவூட்டினால், அது வேறு இடம் என்பார்.

உடன் நடந்த அவர் மனைவியைப் பற்றித் தனியே குறிப்பிட வேண்டும். அதே இடுக்கை, புடவையும் கான்வாஸ் ஷூவுமாக, புளியோதரைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கம்பியைத் தொடாமல் கடந்தவர் அவர். இடையில் மூன்று இடத்தில் நின்று, "என்னங்க, வர்றீங்களா இல்லியா?" என்று கேட்டவரும் அவரே. "தோ, வந்துட்டேன்" என்ற பதில் பாறையில் மோதி எதிரொலித்ததாகத் தெரிகிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் விசாரித்தால் அவர் தரும் பயணக் குறிப்பு மொத்தம் இரண்டு வரி: "பாறையும் தண்ணியுமா இருந்திச்சு. பாத்ரூமுக்குக் காசு கேட்டாங்க."

இமயப் பிரிவு என ஒரு கிளை இனமும் உண்டு. உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போய்வந்தவர்கள் இவர்கள். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். கோவிந்த்காட்டிலிருந்து கங்காரியா வரை ஆற்றோரமாக ஏற வேண்டும். வாடகைக்குக் கோவேறு கழுதை கிடைக்கும். கழுதை நடந்த தொலைவைத் தம் கணக்கில் சேர்த்துக்கொள்வதைத் தவிர இவர்களிடம் வேறு குறை சொல்ல முடியாது. சுவிஸ் சாருக்கும் இவர்களுக்கும் ஆகாது. குளிரில் எது பெரிது என்ற வழக்கு, சித்திரை வெயிலில், ஒரே மின்விசிறிக்குக் கீழே நடக்கும்.

ஐப்பசி பிறந்துவிட்டால் இரு தரப்பும் மௌனம். கடலூரை வடிகால் மாவட்டம் என்பார்கள்; மலைக்குப் போகாதவர் வீட்டுக்கும் மலைத்தண்ணீர் வந்து சேரும் மாதங்கள் அவை. சுவிஸ் சார் கட்டணம் கொடுத்துப் பார்த்த டிரூம்மெல்பாக்கில், பனி உருகும் உச்சத்தில், விநாடிக்கு 20,000 லிட்டர் வரை நீர் விழும். நம் கணக்கில் அது சுமார் 700 கன அடி. ஃபெஞ்சல் புயல் மழையால் 2024 டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து பெண்ணையாற்றில் திறந்துவிட்டது விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல். இருநூறு டிரூம்மெல்பாக் நுழைவுச்சீட்டு இல்லாமல் கடலூர்ப் பக்கம் வந்தது.

பரணில் இருக்கும் காலணி ஆண்டுக்கு ஒரு முறை கீழே இறங்குவது இப்படிப்பட்ட நாளில்தான். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஊன்றுகோல் ஒன்றால் சாக்கடை எங்கே, சாலை எங்கே என்று குத்திப் பார்த்தபடி பால் வாங்கப் புறப்படுகிறார். கைப்பிடிக் கம்பி இல்லாத இடத்தில் அவர் உண்மையாகவே நடப்பது இந்த ஒரு முறைதான்; இதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. நீர் புகாக் காலணியில், கணுக்காலுக்கு மேல் போன தண்ணீர் வாய் வழியாக உள்ளே இறங்கும். இறங்கியது வெளியே போகாது. வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்து கவிழ்த்தால் காலுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் கொட்டும்.